ஈரம் காயும் வேகம்

உங்கள் கணினிக்குத் தகுதி போதாது என்று
பழைய விண்டோஸ் ஏப்ரலில் கையை விரித்தது.
பன்னிரண்டு வயதுதான் அந்த லேப்டாப்புக்கு.
வார்க்கவுஸில் அந்த வயதுப் படகைப்
புதுப்படகு என்போம்.

ஆகவே சனிக்கிழமை
ஒரு பென் டிரைவில் லினக்ஸை ஏற்றிவந்து
பழையதைத் துடைத்தெடுத்தேன்.
வைஃபை பிடித்தது. பிரிண்டர்கூட
கேட்காமலே ஒரு வெள்ளைத்தாளைத் துப்பி
வணக்கம் வைத்தது.

ஒன்று மட்டும் இல்லை.
ஐலாவின் பாறை.

மே மாதம் முழுக்க ஏரி நடுவில்
ஒரு பாறையைக் கேமரா பார்த்துக்கொண்டிருக்கும்.
சீல் ஒன்று அதில் ஏறிப் படுக்கும்.
படுக்காமலும் போகும். பெரும்பாலும் போகும்.
எங்கள் தெருவில் பாதிப்பேர்
அதைத் திறந்துவைத்துக்கொண்டுதான்
வேலை பார்ப்பதாகப் பாவனை செய்கிறோம்.

இன்று ஐலாவுக்கு
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு ஷிஃப்ட்.
அங்கே திரை கிடையாது, நீராவிதான்.
"வந்தா கூப்பிடு ரைமோ.
வரலைன்னாலும் கூப்பிடு."

பத்து மணி.
வெளிச்சம் இன்னும் ஜன்னலைவிட்டு இறங்கவில்லை.
திரையில் கறுப்பு. சத்தம் மட்டும் வருகிறது:
காற்று, கல்லைத் தட்டும் தண்ணீர்,
தன் பெயரையே சந்தேகத்தோடு
சொல்லிப் பார்க்கும் ஏதோ ஒரு பறவை.

குக்கிகளை அழித்தேன்.
எல்லாத் தளங்களும் என்னை யாரென்று கேட்டன.
விளம்பரத் தடுப்பானை நிறுத்தினேன்.
செருப்பு விளம்பரம் துல்லியமாக ஓடியது,
தையல் தையலாக.
வேறொரு பிரவுசரில்
நீல வட்டம் செக்குமாடாகச் சுற்றியது.

கோடெக் வேண்டுமாம்.
டெர்மினலைத் திறந்து
எவனோ எழுதிவைத்த ஒரு வரியை
எழுத்துக்கூட்டி அடித்தேன்.
கடவுச்சொல் கேட்டது. தட்டத் தட்ட
ஒரு புள்ளிகூடத் திரையில் விழவில்லை.
இருட்டில் பூட்டைத் தடவுகிறவன் மாதிரி
என் விரல்களை நானே நம்ப வேண்டியிருந்தது.

பதினொன்றரைக்கு அவளே கூப்பிட்டாள்.
"வந்துச்சா?"
"படம் வரல."
"நான் சீலைக் கேட்டேன்."

ஃபோனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தேன்.
இருவரும் கறுப்பைக் கேட்டோம்.
அப்போது ஒரு பெருமூச்சு.
ஈரமானது, கனத்தது, மூக்கால் விட்டது.

"நீயா?"
"நான் இல்ல."
"நானும் இல்ல."

அதன்பின் கொஞ்ச நேரம்
இரண்டுபேரும் மூச்சே விடவில்லை.
யாரோ அவளை அதட்டிக் கூப்பிட்டார்கள்.
வைத்துவிட்டாள்.

கடைசியில், செட்டிங்ஸின் அடிவாரத்தில்
ஒரு சின்னக் கட்டம்: வன்பொருள் முடுக்கம்.
டிக் அடித்திருந்தது.
என் கிழட்டு கிராஃபிக்ஸ் சில்லு
எல்லாவற்றுக்கும் "முடியும், முடியும்" என்று தலையாட்டிவிட்டு
சும்மா நின்றிருக்கிறது.
மரஆலையில் எனக்கு அப்படி ஒரு மேனேஜர் இருந்தார்.
டிக்கை எடுத்தேன். மூடித் திறந்தேன்.

பாறை.
வெறும் பாறை.

பன்னிரண்டு நாற்பது. சாம்பல் வெளிச்சம்.
எதுவும் அசையவில்லை.
படம் உறைந்துவிட்டதா,
இல்லை, பாறை பாறையாக இருக்கிறதா?
ஏரியும் உதவிக்கு வரவில்லை,
இஸ்திரி போட்ட துணி மாதிரி கிடந்தது.
ரெஃப்ரெஷ் பொத்தானுக்குப் போன விரல்
பாதியில் நின்றது.

பாறையின் முதுகில் ஒரு கறுத்த ஈரம்.
நீளமாய், நடுவில் பருத்து,
ஒரு முனையில் இரண்டாய்ப் பிரிந்து.
இப்போதுதான் எழுந்துபோன படுக்கை.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.
ஐந்து நிமிடம் போயிருக்கும்,
துடுப்பின் நுனி வெளுத்தது.
ஓடுகிறது.
படம் ஓடத்தான் செய்கிறது.

ஐலா எடுத்தாள். அவளுக்கு முன்னால்
இயந்திரங்களின் இரைச்சல் எடுத்தது.
"படம் வந்துடுச்சு," என்றேன்.
"அது வந்துச்சா?"

தோள்வரை காய்ந்திருந்தது.

"சீக்கிரம் சொல்லு," என்றாள்,
"டிரம் திறக்கப்போகுது."